கீழே பந்தி, மேலே சாளரம்: ஒரு பல்கலைக்கழக மாணவர் வசதிக் கட்டடம் குறித்து

கொங்கு நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேர ஆய்வாளனாகப் பதிவு செய்துகொண்டு, ஈரோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திவருபவன் நான். அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மாணவர் வசதிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சாப்பிடுகிறேன். முதல் தளத்தில் கட்டணம், சான்றிதழ், விண்ணப்பம் ஆகிய வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அங்கே படிப்பவர்களுக்கு இடம் தானாகவே புரிந்துவிடும். சாப்பாட்டையும் அலுவல் சாளரங்களையும் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்தது நல்ல யோசனைதான். ஆனால் கீழ்த்தளம் மாணவர்களுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நடக்கிறது. மேல்தளமோ அலுவலர்களுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு நடக்கிறது. இந்தக் கட்டடத்தைப் பற்றிய என் பாராட்டும் குறையும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

முதலில் கட்டட அமைப்பு. உணவுக்கூடம் மேற்குப் பார்த்தது. அந்தப் பக்கம் முழுவதும் சுவருக்குப் பதிலாக இடுப்பளவுத் திட்டும் அதற்கு மேல் சிமெண்ட் ஜாலியும் வைத்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இது பெரிய நிம்மதி. மின்விசிறி நின்றாலும் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். டோக்கன் பறக்கும், அப்பளம் பறக்கும், திறந்து வைத்த சட்னிப் பாத்திரத்தில் செம்மண் தூசி படியும். பழகிய மாணவர்கள் தட்டை வாங்குவதற்கு முன்பே டோக்கனின்மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் டோக்கனைத் துரத்திக்கொண்டு மேசைக்கு அடியில் குனிகிறார்கள். ஆடி முடியும்வரையிலாவது அந்தப் பக்கத்துக்குச் சுருட்டி இறக்கும் தட்டிகள் போட்டால் போதும். ஆண்டுதோறும் காற்று வருகிறது, தட்டிதான் இன்னும் வரவில்லை.

உணவு நன்றாக இருக்கிறது. ‘கேண்டீன் சாப்பாடு’ என்றாலே நாம் எதிர்பார்க்கும் சோடா உப்பும் வனஸ்பதி வாடையும் இங்கே இல்லை. காலையில் இட்லி, பொங்கல், பூரி ஆகியவற்றோடு வெள்ளிக்கிழமைகளில் சந்தகை போடுகிறார்கள். ஊற வைத்த புழுங்கலரிசியை ஆட்டி, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் இட்டு நூல் நூலாகப் பிழிய வேண்டிய பலகாரம் அது. ஆறிவிட்டால் பிழிபவர் தோள்பட்டை கழன்றுவிடும் என்பதால் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கேண்டீன்கள் பெரும்பாலும் அதன் பக்கம் போவதில்லை. இங்கே அதைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஒரு வகையாகவும், எலுமிச்சை பிழிந்து தாளித்து மற்றொரு வகையாகவும் தருகிறார்கள். தேங்காய்ப்பால் சற்றே நீர்த்திருக்கிறது. எலுமிச்சைச் சந்தகையில் குறை சொல்ல எதுவும் இல்லை. காலை எட்டரைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் பூரிதான்.

மதியத்துக்கு முழுச் சாப்பாடு அறுபது ரூபாய், கலந்த சாதம் நாற்பது ரூபாய். சாம்பார், ரசம், கூட்டு என்ற வழக்கமான வரிசைக்கு இடையில் திங்களன்று கொள்ளு ரசமும், ஏதாவது ஒரு நாள் பச்சைப்பயறு கடைசலும், புதனன்று அரிசிம்பருப்பு சாதமும் வருகின்றன. அந்தப் புதன்கிழமைக்காகவே என் மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாளை மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் மிளகும் தேங்காயும் ஒன்றாகக் குழையும் அந்தச் சோறு, வீட்டில் நான்கு பேருக்குச் செய்தால் யார் கைக்கும் வரும். பெரிய அண்டாவில் செய்தால் அரை மணி நேரத்தில் இறுகி, கரண்டியில் கட்டியாக எழும். இங்கே பரிமாறும் அம்மா ஒருவர், அண்டாவுக்குப் பக்கத்தில் கொதிநீர்க் குவளையை மூடி வைத்திருக்கிறார். வரிசை சற்றே ஓய்ந்தாலும் ஓரமாகக் கொஞ்சம் கொதிநீர் விட்டு, கரண்டியின் முதுகால் கட்டியை உடைத்து, மேலே நெய்யும் கறிவேப்பிலையும் தாளித்ததை ஒரு சுற்று கிளறிவிட்ட பிறகுதான் அடுத்த தட்டை வாங்குகிறார். ஒரு மணிக்கு வந்தவருக்கும் இரண்டு மணிக்கு வந்தவருக்கும் ஒரே பதத்தில் சோறு கிடைப்பதன் ரகசியம் அந்தக் குவளைதான். “சூடா இருக்கையிலயே இன்னொரு கரண்டி போட்டுக்குங் கண்ணு, ஆறுனா இது நல்லாருக்காது” என்று மாணவர்களிடமும், “தயிர் ஊத்தட்டுங்களா சார்?” என்று எங்களைப் போன்றவர்களிடமும் கேட்டுக்கொண்டே அவர் கை நகர்கிறது. இரண்டாம் கரண்டிக்குத் தனிக் காசு இல்லை.

இதே சமையலறை, வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்களிடம் சற்றுப் பாராமுகமாக இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் மட்டை அரிசிச் சோறு கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். வடமாநில ஆய்வாளர்களுக்கென்று இரவில் போடும் சப்பாத்தி, மாலையிலேயே சுட்டு அடுக்கி வைக்கப்படுவதால் ஓரங்கள் அப்பளமாகிவிடுகின்றன. அசைவத்தில் அவித்த முட்டை மட்டும் உண்டு. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன நாமக்கல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, ஒரு மணிக்கெல்லாம் முட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் இன்னும் நம்ப மறுக்கிறேன். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தபோது இங்கேயும் ஒரு சிறுதானியக் கடை திறந்தார்கள். வரகுப் பொங்கல், சாமை உப்புமா, தினை லட்டு எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, இப்போது கோடையில் மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூழுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தாராளமாகத் தருவதால் அந்தக் கடையின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கூடத்தின் கிழக்கு மூலையில் பேக்கரி இருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்தாருக்காகச் சொல்கிறேன்: இங்கே டீக் குடிக்கப் போகும் இடத்தின் பெயரே பேக்கரிதான். தேங்காய் பன், முட்டை பப்ஸ், பன் பட்டர் ஜாம், நிலக்கடலை பர்பி ஆகியவற்றுக்கு நடுவே டீ கொதிக்கும். டீ நன்று; காபி சுமார். மாலை நான்கரைக்கு மேல் காளான் போடுகிறார்கள். தள்ளுவண்டிகளில் கிடைக்கும் அந்தக் கோவைக் காளானில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தோசைக்கல்லில் குழைந்து கிடக்கும் அந்த மசாலாவின் சிவப்பு, மிளகாய்த்தூளால் மட்டும் வரக்கூடிய சிவப்பாக எனக்குத் தெரியவில்லை. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்தது தெரியவந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்ததற்குப் பிறகாவது, மாணவர்களுக்கு விற்கும் இடத்தில் நிறத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பொரிக்கும் எண்ணெயைப் பற்றியும் இதையே சொல்வேன். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் சிதைவுப் பொருள்கள், அதாவது மொத்த துருவச் சேர்மங்கள், 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைச் சோதிக்கும் கைக்கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. பதினான்கு இலக்க உரிம எண்ணைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு ஒரு கருவி வாங்கி மாலையில் வாணலியில் நனைத்துப் பார்ப்பது பெரிய செலவாக இருக்காது.

இன்னொன்று, இதே பேக்கரியில் கூட்ட நேரத்தில் கண்ணாடி டம்ளர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையில் டீ ஊற்றுகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அந்தக் கோப்பையும் இருக்கிறது. கட்டடத்தின் நுழைவாயிலிலேயே ‘நெகிழியில்லா வளாகம்’ என்ற பலகை நிற்பதால் இதைக் குறிப்பிட வேண்டியதாயிற்று. டம்ளர் கேட்டு நின்றால் கழுவித் தருகிறார்கள், நின்று கேளுங்கள்.

இனி மேல்தளம். கல்வி உதவித்தொகைப் பிரிவு, சான்றிதழ்ச் சாளரம், கட்டணச் சாளரம், விடுதி அலுவலகம், வங்கியின் சிறு கிளை, அஞ்சல் முகவர், முதலுதவி அறை, நகலகம் எனப் பலவும் ஒரே நடையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. கோவை வட்டாரத்தில் 1982இல் பாரதியார் பல்கலைக்கழகமும் சேலத்தில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகமும் தோன்றுவதற்கு முன்னால் இப்பகுதிக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. இடப்பெயர்வுச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால்கூட நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சேப்பாக்கத்துக்குப் போய் நின்ற கதைகளை எங்கள் துறையின் மூத்த ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் தொலைவோடு ஒப்பிட்டால் ஒரே நடையில் எட்டு வேலை முடியும் இந்த ஏற்பாடு வரப்பிரசாதம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொலைவு குறைந்த அளவுக்குக் காத்திருப்பு குறையவில்லை.

சாளரங்கள் காலை பத்திலிருந்து ஒன்றுவரையிலும், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரையிலும் திறந்திருக்கும் என்று பலகை சொல்கிறது. மாணவர்களின் உணவு இடைவேளை ஒன்றேகாலிலிருந்து இரண்டுவரை. அதாவது, வகுப்பைத் தவறவிடாமல் ஒரு மாணவர் மேலே ஏறி வரக்கூடிய அந்த ஒரே முக்கால் மணி நேரத்தில் எல்லாச் சாளரமும் மூடியிருக்கும். அலுவலர்களும் சாப்பிட வேண்டியவர்கள்தாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கீழே உள்ள சமையலறையில் பரிமாறுபவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து, பாதிப்பேர் பன்னிரண்டு மணிக்கும் மீதிப்பேர் இரண்டரைக்கும் சாப்பிட்டு, நடுவில் ஒரு நிமிடமும் வரிசையை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். அதே ஒழுங்கை மேலே கொண்டுபோகத் தனி அரசாணை ஒன்றும் தேவைப்படாது. சான்றிதழ்ச் சாளரத்திலும் கட்டணச் சாளரத்திலும் ஆளுக்கொருவர் மாறி உட்கார்ந்தால் போதும்.

எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஆய்வுப் பதிவை உறுதிசெய்யும் சான்று ஒன்றுக்காகக் கல்லூரியில் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு மணிக்குச் சற்று முன்னால் சாளரத்தை அடைந்தபோது, இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணிக்குப் போனபோது, கட்டணத்தை இணையத்தில் செலுத்தி அதன் அச்சுப்படியைக் கொண்டுவரச் சொன்னார்கள். இதை ஒரு மணிக்கே சொல்லியிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் முடித்திருப்பேன். கட்டடத்தின் நடுப்பகுதியில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால், ஓடிபி வாங்குவதற்காகப் படியிறங்கி வேப்பமரத்தடிக்கு வந்து, பணம் செலுத்தி, நகலகத்தில் அச்செடுத்து, மறுபடியும் ஏறினேன். அதற்குள் மூன்று மணி கடந்திருந்தது. அன்றைய கட்டணங்களைக் கணக்கில் ஏற்றும் வேலை மூன்றோடு முடிந்துவிடுமாம். சான்று மறுவாரம்தான் கைக்கு வந்தது. சாளரத்தில் இருந்தவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. முறைதான் அப்படி அமைந்திருக்கிறது. எந்தச் சான்றுக்கு எந்தக் கட்டணம், அதை எங்கே செலுத்துவது, எந்த இணைப்புகள் வேண்டும், எத்தனை மணிக்குள் தர வேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

அந்தத் தாளின் வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவர் நகலகத்துக்காரர். “ஜெராக்ஸ் அண்ணாகிட்டக் கேட்டுட்டு அப்புறம் மேடத்தைப் பாருங்க” என்பதுதான் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தோடு விடைத்தாள் நகலின் படியையும் வைக்க வேண்டுமா, பெயர் மாற்றத்துக்கு அரசிதழ்ப் பக்கம் முழுதாக வேண்டுமா, தற்காலிகப் பட்டச் சான்றுக்கு ஒளிப்படம் ஒன்றா இரண்டா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்டவர் நகல் எடுக்கவில்லை என்றாலும் பதில் சொல்கிறார். சம்பளம் வாங்காத உதவி மையம் ஒன்று மூன்று அடி அகலக் கடைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கர் பற்றி ஒரு வார்த்தை. அதில் வெளியிடப்படும் மதிப்பெண் பட்டியல் மூல ஆவணத்துக்கு இணையானது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் சொல்கின்றன. பல்கலைக்கழகமும் தன் மதிப்பெண் பட்டியல்களை அதில் ஏற்றியிருக்கிறது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் சாளரம், தான் ஏற்றிய ஆவணத்தின் அச்சுப்படியில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் கையொப்பம் வேண்டும் என்று கேட்கிறது. இதற்கு என்ன காரணம் என்று கேட்டபோது, “எப்பவும் அப்படித்தானுங்க சார்” என்றார்கள்.

மேல்தளத்தில் மனமாரப் பாராட்ட வேண்டிய இடம் உதவித்தொகைப் பிரிவு. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவந்த மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையிலும் தொடங்கப்பட்டன. அந்தியூர், சத்தியமங்கலம், தாராபுரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த ஆயிரம் ரூபாய் சாதாரணத் தொகை அல்ல. பணம் வரவில்லை என்று பதறி வருபவர்கள் பலருக்கு உண்மையில் பணம் வந்திருக்கும். பள்ளியில் படித்தபோது ஊர் வங்கியில் தொடங்கி மறந்துபோன கணக்கோடு ஆதார் இணைந்திருப்பதால், தொகை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இந்தப் பிரிவில் உள்ள அலுவலர் ஒருவர், மாணவியை உட்காரவைத்து, எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதைத் தன் கணினியிலேயே பார்க்கச் செய்து, நடையின் மறுமுனையில் உள்ள வங்கிக் கிளைக்கு மாற்றக் கோரும் படிவத்தையும் கையில் கொடுத்தனுப்புகிறார். வங்கியும் அலுவலகமும் அடுத்தடுத்து இருப்பதன் பயன் இதில்தான் முழுமையாகத் தெரிகிறது. இவர் மட்டும் உணவு இடைவேளையிலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். தூக்குப்போசி மேசையில் இருக்கும். நேரம் கிடைக்கும்போது இரண்டு வாய் சாப்பிட்டுக்கொள்கிறார். ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி ஒரு பிரிவு நடப்பது அவருக்கும் நியாயமில்லை, அவர் மாற்றலாகிப் போன பிறகு வரும் மாணவர்களுக்கும் நியாயமில்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பங்களையும் இதே பிரிவுதான் வாங்குகிறது, அதுவும் முதல் தளத்தில். மின்தூக்கி இருக்கிறது, நான் பார்த்த நாட்களில் பெரும்பாலும் ‘பழுது’ என்ற அட்டையோடு இருந்தது. சாய்தளம் தரைத்தளத்து வாசலுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்ற அளவைக் கணக்கில் கொள்ளாமல் கட்டியதால், சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் ஏறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது; கட்டடம் அதற்குப் பிறகு எழுந்தது. மின்தூக்கி சரியாகும்வரை இந்த விண்ணப்பங்களை மட்டுமாவது கீழே பேக்கரிக்குப் பக்கத்து அறையில் வாங்கலாம்; அந்த அறையில் இப்போது பழைய பட்டமளிப்பு விழா நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன.

கழிப்பறைகள் காலையில் சுத்தம், மாலையில் சொல்வதற்கில்லை. பெண்கள் பகுதியில் நாப்கின் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது ஐந்து ரூபாய் நாணயம் மட்டுமே ஏற்கும் என்றும் அந்த நாணயம் பேக்கரியில்கூடக் கிடைப்பதில்லை என்றும் என் ஆய்வுத் தோழியர் சொல்கிறார்கள். குடிநீர் நன்று. முதலுதவி அறையில் செவிலியர் எப்போதும் இருக்கிறார். அஞ்சல் முகவரிடம் விரைவு அஞ்சல் உறை கிடைக்கிறது. வேறு பெரிய வேலை நடப்பதாகத் தெரியவில்லை.

வெளியூர்களிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் பகுதிநேர ஆய்வாளர்களுக்குச் சில செய்திகள். சனியன்று கட்டணச் சாளரம் பன்னிரண்டரையோடு மூடப்படும். உதவித்தொகைப் பிரிவும் வங்கிக் கிளையும் இரண்டாம், நான்காம் சனிகளில் திறக்கப்படுவதில்லை. கட்டணத்தை முந்தின இரவே வீட்டிலிருந்து இணையத்தில் செலுத்தி, அச்சுப்படி இரண்டாக எடுத்துக்கொண்டு வருவது நல்லது, ஏனென்றால் நகலகம் அன்று பதினொரு மணிக்குத்தான் திறக்கும். உணவுக்கூடத்தில் அன்று முழுச் சாப்பாடு கிடையாது. தக்காளி சாதமும் தயிர் சாதமும் மட்டும், அதுவும் டோக்கன் ஒன்றரைவரைதான்.